விலாசக் கொப்பியும் மின்னஞ்சலும்: அளவெட்டியிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

தவில் மேதை தட்சணாமூர்த்தியைத் (1933–1975) தமிழ்நாட்டு இசையுலகம் ‘யாழ்ப்பாணம் தட்சணாமூர்த்தி’ என்றே அறிந்திருந்தது. யாழ்ப்பாணத்தில் அவ்வாறு கூறுவதிற் பயனில்லை. அங்கு எல்லாரும் யாழ்ப்பாணத்தவரே. ஆதலின் உள்ளூரவர் அவரை அளவெட்டி தட்சணாமூர்த்தி என்றனர். அவர் பிறந்த ஊர் இணுவில். அளவெட்டியில் மணஞ்செய்து அவ்வூரவராகவே வாழ்ந்தமையால் அவ்வடை அவருக்கு நிலைத்தது. நாதசுர வித்துவான் என். கே. பத்மநாதனின் பெயரோடும் அளவெட்டி என்பது பிரிக்கவொண்ணாதவாறு சேர்ந்துவிட்டது. அதே ஊரிற் பிறந்த கவிஞர் மகாகவி (1927–1971), து. உருத்திரமூர்த்தி என்பது இயற்பெயர். இப்பெயரில் ‘து.’ தந்தையைக் குறிக்கும். உருத்திரமூர்த்தி என்பது அவருக்கு இடப்பட்ட பெயர். குடும்பப் பெயர் என்று ஒன்று இதில் இல்லை.

ஒருவரை இனங்காண ஊரும் உறவும் துணையாவதும், அவ்வடையாளம் அழைப்பவர் நிற்கும் இடத்துக்கேற்ப மாறுவதும் இம்மண்ணின் பழைய வழக்கம். மின்னஞ்சலும் அதனோடு இணைந்த தொடர்பேடும் உருவாகிய வரலாற்றை இவ்வழக்கத்தின் அருகில் வைத்து நோக்கும்போது ஒரு வினா எழுகின்றது. இம்மென்பொருள்களை ஆக்கியோர், மக்கள் இயல்பாகச் செய்துவரும் வேலைமுறையைத் தழுவியே அவற்றை அமைத்ததாகக் கூறுவர். அக்கூற்றிற் பெருமளவு உண்மையும் உண்டு. ஆயின் அவர்கள் உற்றுநோக்கியது எந்த மக்களின் இயல்பை?

அளவெட்டி போன்ற வலிகாமத்து ஊர்களில் வீட்டிலக்கமும் தெருப்பெயரும் நெடுங்காலம் விலாசத்துக்கு இன்றியமையாதனவாக இருக்கவில்லை. பெயர், தந்தை பெயரின் முதலெழுத்து, குறிச்சி, ஊர் என்பன போதுமாயிருந்தன. கோவிலடி, சந்தியடி, கிணற்றடி என ‘அடி’ சேர்த்து இடஞ்சுட்டுவதும், கும்பழாவளைப் பிள்ளையார் கோயிலைப் போன்ற ஒரு தலத்தை அண்டி வீட்டை விளக்குவதும் இயல்பு. எஞ்சியதைத் தபாற்காரர் அறிவார். ஒரே பெயருடைய இருவர் ஒரு குறிச்சியில் இருப்பின், கடிதம் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்த்தே எவருக்குரியது என்று துணிவார். ஊருக்குப் புதியவர் ஒருவர் வந்தாலும் கேட்கப்படும் முதற் கேள்விகள் ‘எந்தப் பக்கம்? ஆருடைய பிள்ளை?’ என்பனவே. ஒருவரைத் தேடுதல் என்பது உறவின் வழியே நடந்து சென்று அவரை அடைதலாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொடக்கம் யாழ்ப்பாணத்துக் கிராமங்களிலிருந்து பலர் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்று எழுதுவினைஞராகவும் புகையிரதப் பகுதி ஊழியராகவும் பணியாற்றினர். மணியோடரும் கடிதமும் அன்றே ஊர்வாழ்வின் உறுப்புகளாயின. கடிதம் ஒருவர் பெயருக்கு வந்தாலும் அது வீட்டுக்கு வந்ததாகவே கொள்ளப்பட்டது. ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்பர். ஒரே உறைக்குள் அயல்வீட்டாருக்கான தாளும் மடித்து வைக்கப்பட்டிருக்கும். விலாசங்கள் பெரும்பாலும் ஒரு பாடசாலைக் கொப்பியிலோ நாட்குறிப்பின் கடைசிப் பக்கங்களிலோ குறிக்கப்பட்டன. அகரவரிசை பேணியோர் சிலரே. ஒரு குடும்பத்தார் ஒரு பக்கத்தில் இருப்பர், பிள்ளை கோலாலம்பூருக்குப் போனால் தாய் தந்தையரின் விலாசத்துக்குக் கீழேயே புதியது எழுதப்படும், பழையது வெட்டப்படும். வெட்டப்பட்ட வரிகளும் வாசிக்கத்தக்கனவாய் இருந்தமையால் அக்கொப்பி ஒரு குடும்பத்தின் இடப்பெயர்வு வரலாறாகவும் இருந்தது.

இனி மின்னஞ்சலின் பிறப்பிடத்தை நோக்கலாம். 1965ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில், ஒரே கணினியைப் பகிர்ந்து பயன்படுத்தியோர் ஒருவருக்கொருவர் செய்தி விட்டுச்செல்லும் வசதி இருந்தது. 1971இல் ரே ரொம்லின்சன் ஆர்பாநெற் வலையமைப்பில் ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குச் செய்தி அனுப்பினார். பெயரையும் கணினியையும் பிரிக்கும் ‘@’ குறி அவர் தெரிந்தெடுத்ததே. ஆயின் செய்தி அனுப்புவது வேறு, வந்த செய்திகளைக் கையாள்வது வேறு. தொடக்கத்தில் வந்தவை யாவும் ஒரே நீண்ட ஓலைபோல் அடுக்கின்றிக் கிடந்தன. 1972இல் லோரன்ஸ் ரொபேட்ஸ் எழுதிய சிறு நிரல்தான் அவற்றைப் பட்டியலிட்டு, வேண்டியதைத் தெரிந்து வாசிக்கவும் சேமிக்கவும் வழி செய்தது. 1975இல் ஜோன் விற்றல் தமது நிரலிற் ‘பதில்’ என்ற கட்டளையைச் சேர்த்தார். இன்று இது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் கடிதம் வாசித்தவருக்கு அடுத்து இயல்பாக எழுவது மறுமொழி எழுதும் எண்ணமே. அதற்காக விலாசத்தை மீண்டும் ஒருமுறை தட்டெழுதவேண்டும் என்பது இயல்புக்கு மாறானது. மின்னஞ்சல் உரையாடலுக்குரிய கருவியாக மாறியதில் இவ்வொரு கட்டளைக்குப் பெரும் பங்குண்டு.

1977ஆம் ஆண்டின் வலையமைப்பு நியமம் பெறுநர், அனுப்புநர், பொருள், பிரதி என்னும் தலைப்புறுப்புகளை ஒழுங்குபடுத்தியது. இவை அமெரிக்க அலுவலகக் குறிப்புத்தாளின் உறுப்புகள். இன்றும் மின்னஞ்சலிற் காணப்படும் ‘சீசீ’ என்னும் ஈரெழுத்து, தட்டச்சுப் பொறியில் இரண்டு தாள்களுக்கிடையே வைக்கப்பட்ட கரித்தாளின் நினைவுச்சின்னமேயாகும்.

இவ்விடத்தில் தமிழர் பெயர் ஒன்றும் வருகின்றது. பம்பாயிற் பிறந்து சிறுவயதில் அமெரிக்கா சென்ற சிவா ஐயாத்துரை, பதினான்கு வயதுப் பாடசாலை மாணவராய் இருந்தபோது, 1978இல் நியூ ஜேர்சியின் மருத்துவ, பல் மருத்துவக் கல்லூரியில் லெஸ்லி மைக்கல்சனின் வழிகாட்டலில் ஓர் அஞ்சல் நிரலை எழுதினார். 1982இல் அதற்குப் பதிப்புரிமை பெற்றார். மின்னஞ்சலைக் கண்டுபிடித்தவர் தாமே என்று அவர் கூறிவருவதைக் கணினி வரலாற்றாசிரியர் ஏற்பதில்லை. மேற்காட்டிய ஆண்டுகளே அதற்குக் காரணம். தமிழர் என்பதற்காக அவ்வுரிமையை நாமும் உரத்துக் கூவுவது வரலாற்றுக்கு நன்மை செய்யாது. ஆயினும் அந்நிரல் உருவாகிய முறை கவனிக்கத்தக்கது. கல்லூரி அலுவலகங்களிற் செயலாளர்கள் காகிதக் குறிப்புகளை எழுதி, உள்வரு தட்டிலும் வெளிச்செல் தட்டிலும் வைத்து, கோவைகளிற் சேர்த்து, விலாசப் புத்தகத்தைப் புரட்டி அனுப்பிய முறையே அதற்கு முன்மாதிரியாக அமைந்தது. கண்டுபிடிப்புரிமை பற்றிய பூசலில் இச்செய்தி மங்கிப்போயிற்று.

வேலை செய்பவரை அருகிருந்து பார்த்து மென்பொருள் அமைக்கும் நெறி அக்காலத்தில் வேறிடத்திலும் வேரூன்றியிருந்தது. 1970களின் நடுப்பகுதியில் சீரொக்ஸ் நிறுவனத்தின் லறி ரெஸ்லரும் ரிம் மொட்டும், ஜின் என்னும் பாடநூற் பதிப்பகத்தின் பதிப்பாசிரியர்கள் கத்தரிக்கோலும் பசையும் கொண்டு கையெழுத்துப்படிகளைத் திருத்துவதைக் கவனித்து, ‘வெட்டு, ஒட்டு’ என்ற முறையைத் திரைக்குக் கொணர்ந்தனர். 1981இல் அந்நிறுவனம் வெளியிட்ட ஸ்ரார் கணினியின் திரையில் மேசையும் கோவையும் உள்வரு தட்டும் வெளிச்செல் தட்டும் படங்களாயின. இன்று அளவெட்டியில் ஒரு மாணவர் கைப்பேசியில் அஞ்சல் பார்க்கும்போது, தாம் ஒருபோதும் கண்டிராத அமெரிக்க அலுவலக மேசை ஒன்றின்முன் அமர்ந்திருக்கிறார்.

அந்த அலுவலகத்தவர்க்காயினும் அம்மேசை பொருந்தியதா? 1983இல் தோமஸ் மலோன் என்பார், அலுவலர் தம் மேசைகளை எவ்வாறு ஒழுங்கு செய்கின்றனர் என ஆராய்ந்தார். கோவையிலிட்டுப் பெயரிட்டு அடுக்குவோர் ஒருபுறமிருக்க, பலர் தாள்களைக் குவியலாகவே விட்டிருந்தனர். குவியல் சோம்பலின் விளைவு மட்டுமன்று. கண்முன் கிடப்பது செய்யவேண்டியதை நினைவூட்டும். 1996இல் ஸ்ரீவ் விற்ரேக்கர், கன்டஸ் சிட்னர் ஆகிய இருவரும் மின்னஞ்சற் பெட்டிகளை ஆராய்ந்து இதையொத்த முடிவையே கண்டனர். கடிதப் போக்குவரத்துக்காக அமைந்த பெட்டியை மக்கள் வேலைப் பட்டியலாகவும் பழஞ்சுவடிக் காப்பகமாகவும் பயன்படுத்தினர். அடிக்கடி கோவைப்படுத்துவோர், ஒருபோதும் படுத்தாதோர், ஆண்டுக்கொருமுறை வீடு வெள்ளையடிப்பதுபோல் இடைக்கிடை துப்புரவு செய்வோர் என மூவகையினர் அங்கிருந்தனர். 2004இல் வெளிவந்த ஜிமெயில் கோவைப்படுத்துதலைப் பின்தள்ளித் தேடலையும் உரையாடற் கோவையையும் முன்வைத்தமை, இரண்டாம் வகையினரின் வெற்றி எனலாம்.

அஞ்சல், நாட்காட்டி, தொடர்பேடு, வேலைக்குறிப்பு என்னும் நான்கையும் மனிதரின் சிந்தனைப் போக்குக்கேற்ப ஒன்றாக்கும் பெருமுயற்சி ஒன்றும் நடந்தது. லோட்டஸ் நிறுவனத்தைத் தொடக்கிய மிச்சல் கேப்பர், 1988இல் வெளிவந்த ‘அஜென்டா’ என்னும் மென்பொருளில் மனத்திற்பட்டதை முதலில் எழுதிப் பின்னர் வகைப்படுத்தும் வழியைக் காட்டியவர். 2002இல் அவர் அறிவித்த ‘சான்ட்லர்’ திட்டம், செய்தி, சந்திப்பு, பணி என்னும் வேலிகளையே அகற்ற விழைந்தது. அதன் முதலாம் பதிப்பு 2008இலேயே நிறைவெய்தியது; அதற்குள் உலகம் வேறு கருவிகளுக்குப் பழகிவிட்டது. இயல்பைத் தழுவுவோம் என்போர் இயல்பு எது என்பதில் உடன்பாடு காண்பதற்கே ஆறாண்டு பிடிக்கும் என்பதற்கு அது சான்று.

தொடர்பேட்டின் வரலாறு இதைவிட நமக்கு நெருக்கமானது. 1990களின் நடுவில் அப்பிள், ஐபிஎம் முதலிய நிறுவனங்கள் கூடி, ஒருவரின் பெயர் விலாசங்களை ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற ‘வீகார்ட்’ என்னும் வடிவத்தை வகுத்தன. பெயர் அட்டையைக் கைமாற்றும் வணிகரின் பழக்கமே இதன் மூலம். 1998இல் இணைய நியமமாக வெளிவந்த இதன் மூன்றாம் பதிப்பு, பெயரை உறுப்புகளாகப் பிரித்தெழுதுவதைக் கட்டாயமாக்கியது. அவ்வுறுப்புகளில் முதலாவது குடும்பப் பெயர். அடுத்தது இடப்பட்ட பெயர். து. உருத்திரமூர்த்தியை இதில் எவ்வாறு நிரப்புவது? தந்தை பெயரைக் குடும்பப் பெயராக்கினால் அவர் தந்தையின் பெயரால் அழைக்கப்படுவார். அவர் பெயரையே அங்கு வைத்தால் அவருக்கு இடப்பட்ட பெயர் இல்லாது போகும்.

இது வெறும் ஏட்டுச் சிக்கலன்று. 1983க்குப் பின் கனடா, இங்கிலாந்து, பிரான்சு, சுவிற்சர்லாந்து ஆகிய நாடுகளிற் குடியேறிய யாழ்ப்பாணத்தாருள் மிகப் பலர் படிவங்களின் கட்டாயத்தால் தந்தை பெயரைக் குடும்பப் பெயராக எழுதினர். கந்தையாவின் மகன் சிவலிங்கம் என்றும், அவர் மகன் ரமணன் என்றும் கொள்வோம். தொடர்பேட்டிற் சிவலிங்கம் ‘கந்தையா’ என்பதன் கீழும், ரமணன் ‘சிவலிங்கம்’ என்பதன் கீழும் சென்று, ஒரே வீட்டிலிருப்போர் வெவ்வேறு குடும்பத்தவராயினர். வங்கியிலிருந்து வரும் கடிதம் ‘அன்புள்ள திரு. கந்தையா’ என்று, ஊரில் எப்போதோ காலமான ஒருவரை விளிக்கும். குடும்பத்தை ஒன்றாகக் காட்டுவதற்கென ஏற்பட்ட ஓர் உறுப்பு, இங்கு குடும்பத்தைச் சிதறடிக்கும் வேலையைச் செய்தது.

2011இல் வந்த நான்காம் பதிப்பு, பெயரைப் பிரித்தெழுதும் கட்டாயத்தை நீக்கியது. ஒருவர் தம் பெயரை முழுதாக எழுதினாற் போதும். மற்றவரோடுள்ள உறவைக் குறிக்கவும் அது இடந்தந்தது. அவ்வுறவுப் பட்டியல் சுவையானது. பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தார், துணைவர், அயலவர், உடன் பணியாற்றுவோர் ஆகியோர் அதில் உளர். காதலருக்கும் ஒருதலைக் காதலுக்கும் தனித்தனிச் சொற்கள் உள. மாமன், மச்சான், சித்தப்பா, பெரியம்மா, சம்பந்தி யாவர்க்கும் சேர்த்து ‘உறவினர்’ என்ற ஒரே சொல்! அதே ஆண்டின் இறுதியிற் பிறந்த இடம், இறந்த இடம், இறந்த நாள் ஆகியவற்றையும் பதிய ஒரு பின்னிணைப்பு வெளிவந்தது.

தமிழெழுத்தும் இவ்வேட்டில் எளிதாக இடம் பெறவில்லை. 1995இற் பாலா பிள்ளை தொடக்கிய ‘தமிழ்.நெற்’ மடலாடற் குழுவின் தொடக்க நாள்களிற் பலர் தமிழை ரோமன் எழுத்திலேயே எழுதினர். மலேசியாவின் முத்து நெடுமாறன் ஆக்கிய மென்பொருள் ‘முரசு அஞ்சல்’ என்று பெயர் பெற்றமை, அக்கால வேட்கை எதுவென்பதைக் காட்டும். ஒருவர் அனுப்பிய தமிழ் மற்றவர் திரையிற் குப்பையாய்த் தெரிந்த துன்பத்தைத் தீர்க்க, பயனாளர்களே மின்னஞ்சல் வழிக் கூடி விவாதித்து ‘திஸ்கி’ குறியீட்டை உருவாக்கினர். சிங்கப்பூரிலும் (1997) சென்னையிலும் (1999) கூடிய மாநாடுகள் விசைப்பலகையையும் குறியீட்டையும் ஆராய்ந்தன. பின்னர் நிலைபெற்ற ஒருங்குறியில் எழுத்துகளின் வரிசை இந்திய எழுத்துகளுக்கான பொதுத்திட்டத்தைத் தழுவியதாதலின், னகரம் நகரத்தையடுத்து அமைந்துவிட்டது. குறியீட்டெண் வரிசையை மட்டும் பின்பற்றும் தொடர்பேடு கனகசபையைக் கமலாவுக்கு முன்னே நிறுத்தும். னகரம் மெய்வரிசையில் இறுதி என்பதைத் திண்ணைப் பள்ளிப் பிள்ளையும் அறியும். இதற்கான வரிசைப்படுத்தல் விதிகள் பின்னர் வகுக்கப்பட்டன. எல்லா மென்பொருளும் அவற்றைக் கைக்கொள்வதில்லை.

இவை நிகழ்ந்த காலத்தில் அளவெட்டி எவ்வாறிருந்தது? கொழும்பிற் பல்கலைக்கழகத்தார் 1990களின் தொடக்கத்தில் மின்னஞ்சலுக்குப் பழகினர். 1995இல் வணிக இணையச் சேவையும் தொடங்கியது. யாழ்ப்பாணமோ 1990 முதல் மின்சாரமின்றி இருந்தது. கடிதங்கள் ஒழுங்கற்று வந்தன. செஞ்சிலுவைச் சங்கத்தின் திறந்த செய்தித்தாள்களும் பயணிப்போர் கையிற் கொடுத்தனுப்பிய கடிதங்களுமே பலர்க்குத் துணையாயின. 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் ஒருசேர இடம்பெயர்ந்தபோது, விலாசம் என்பதே பொருளற்றதாயிற்று. இந்நிலையில் ஒருவரைத் தேட உதவியது பழைய வழிதான். எந்த ஊர், ஆருடைய பிள்ளை, இப்போது எவருடைய வீட்டில் என்று கேட்டு ஆள்மாறி ஆள் செய்தி சென்றது. 2002இன் போர்நிறுத்தத்துக்கும் ஏ9 வீதி திறப்புக்கும் பின்னரே யாழ்ப்பாணத்தில் இணைய நிலையங்கள் பரவலாயின.

ஆயினும் யாழ்ப்பாணத்தாரிடம் முழுமையான தொடர்பேட்டு வடிவம் ஒன்று முன்னரே இருந்தது. அது மரண அறிவித்தல். வானொலியிலும் நாளேடுகளிலும் நெடுங்காலம் வழங்கிய அதன் யாப்பு எவரும் அறிந்ததே. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் காலமானார் என்று தொடங்கும். தாய் தந்தையர் பெயர் வரும். அவர்களுள் மறைந்தோர் ‘காலஞ்சென்ற’ என்னும் அடைபெறுவர். துணைவர், பிள்ளைகள், அவர்கள் வாழும் நாடுகள், மருமக்கள், சகோதரர், மைத்துனர், சம்பந்திகள், பேரப்பிள்ளைகள் ஆகியோர் முறை பிறழாது நிற்பர். இறுதியில் நாடுவாரியாகத் தொலைபேசி இலக்கங்கள். பிறப்பிடம் ஒன்றாகவும் வதிவிடம் இரண்டு மூன்றாகவும் அமைவது இதில் இயல்பு; ‘தற்காலிக வதிவிடம்’ என்ற கூறும் போர்க்காலத்தில் இடம்பெற்றது. மறைந்தவர் தொடர்பேட்டிலிருந்து நீக்கப்படுவதில்லை. அவர் வழியாகவே உயிரோடிருப்போர் ஒருவரையொருவர் அறிகின்றனர். பல ஆண்டுகள் தொடர்பற்றிருந்த உறவினர் இவ்வறிவித்தலின் கடைசி வரியைக் கொண்டே மீண்டும் பேசத் தொடங்கியமை ஒவ்வொரு குடும்பமும் அறிந்த செய்தி.

இதற்கு அண்மித்த ஓர் ஆய்வு மேலைநாட்டிலும் நடந்தது. பொனி நாடியும் விற்ரேக்கரும் பிறரும் 2000ஆம் ஆண்டையொட்டி அலுவலரின் தொடர்புகளை ஆராய்ந்து, மக்கள் மனத்தில் மற்றவர் அகரவரிசையிலன்றிக் கூட்டங்களாகவும் உறவுகளாகவுமே இருக்கின்றனர் என்று கண்டனர். அதற்கேற்ப ஆட்களைக் குழுக்களாகத் திரையிற் பரப்பிக் காட்டும் ஒரு தொடர்பேட்டையும் அமைத்தனர். அது ஆய்வுக்கூடத்துக்கு வெளியே பரவவில்லை. அங்கும் அலுவலகமே ஆய்வுக்களமாயிருந்தது. சம்பந்தி என்பவர் அதில் எந்தக் கூட்டத்தைச் சேர்வார் என்ற வினா எழ வாய்ப்பிருக்கவில்லை.

நியமம் தந்த ‘பிறந்த இடம்’ என்ற உறுப்பும் நம் ‘ஊர்’ ஆகாது. அதில் நேர்மையாக எழுதினாற் தட்சணாமூர்த்தி இணுவிலாராவார். ரொறன்ரோவிற் பிறந்து அளவெட்டியை ஒரு முறையேனும் காணாத பேரப்பிள்ளை, தன் பேர்த்தியாரின் பேச்சில் அளவெட்டிப் பிள்ளையாகவே இருக்கும்.

இன்றைய கைப்பேசிகளில் மக்கள் செய்துகொண்ட ஏற்பாடு எளியது. குடும்பப் பெயருக்குரிய கட்டத்தை வெறுமையாக விட்டு, முதற் பெயருக்குரிய ஒரே கட்டத்துள் ‘கனடாச் சித்தி’, ‘கும்பழாவளை மாமா’, ‘லண்டன் அண்ணா பழைய நம்பர்’ என்று எழுதிவைக்கின்றனர். சித்தி கனடாவை விட்டு வந்து ஊரில் வீடு கட்டிய பின்னரும் அப்பெயர் அங்கே கனடாச் சித்தி என்றே இருக்கின்றது.